செம்புத் தண்ணீர்

வைத்தீஸ்வரன் குருக்கள் அபிஷேகத்துக்கு மூன்றாவது குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு படித்துறை ஏறி வரும்போது, மனைவி ஜயலக்ஷ்மி வாசலில் நின்று போனை ஆட்டிக் காட்டினாள். ஆற்றுத் தண்ணீர் பரிசோதனை முடிவு திருநெல்வேலியிலிருந்து வந்துவிட்டது. கிருமி பேருக்கு ஒன்றுகூட இல்லை. குருக்கள் குடத்தை இறக்காமலே சிரித்தார். ஐம்பத்தெட்டு வயதில், ஈர வேட்டியோடு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"சொன்னேனா இல்லையா? பொதிகை மூலிகையெல்லாம் அலசிண்டு வரா. அவளுக்குப் போய் டெஸ்ட்டு!"

ஜயலக்ஷ்மி சிரிக்கவில்லை. கல்லூரி ரசாயனக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். ஓடுகிற ஆற்றில் பூஜ்யம் என்றால் எங்கேயோ தப்பு என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். படித்துறைக்கு மேற்கே, ஆறு வருகிற பக்கம், நூறு அடியில் புதுச் சாக்கடை ஒன்று இரண்டு மாதமாக ஆற்றில் விழுகிறது. ஜயலக்ஷ்மி மனு எழுதிக்கொண்டு போனாள். பஞ்சாயத்துத் தலைவர் இசக்கிபாண்டியன், "தண்ணி கெட்டிருக்குன்னு ஒரு தாள் கொண்டாங்கம்மா, மறுநாளே குழி வெட்டித் திருப்பி விடுதேன்" என்று வாக்குக் கொடுத்தார். குருக்களுக்கு அந்தத் தாளை நினைத்தாலே பயம். ஆறு கெட்டது என்று எழுத்தில் வந்துவிட்டால், ஈசுவரனுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்று என்று யாராவது உத்தரவு போட்டுவிட்டால்? நாலு தலைமுறையாக இந்தப் படியில் குடம் சுமந்த குடும்பம். கணவன் நல்ல முடிவு வர வேண்டினார், மனைவி உண்மையான முடிவு வர வேண்டினாள். ஒரே வீட்டில் ஒரே விளக்கின் முன்னால் இரண்டு வேண்டுதலும் நடந்தன.

மாதிரி எடுக்கிற நாளுக்கு முதல் நாள் பார்த்து ஜயலக்ஷ்மிக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அதனால் பாட்டிலோடு ஆற்றில் இறங்கும் வேலை குருக்கள் தலையில் விழுந்தது.

சாயங்காலம் ஸமீஹா வீடியோவில் கூப்பிட்டாள். ஜயலக்ஷ்மியிடம் படித்த மேலப்பாளையத்துப் பெண், இப்போது அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"மாமி, எனக்கு மனசே கேக்கல. மிச்சத் தண்ணிய மறுபடி எடுத்துப் பாத்தேன். பாட்டில் அடியில இது கெடந்துச்சு."

கிடுக்கியில் ஒரு சின்ன இலை. மூன்று இதழ். வில்வம்.

ஜயலக்ஷ்மி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். குருக்கள் கூரையைப் பார்த்தார்.

"ஏன்னா, தண்ணி எப்படி எடுத்தேள்?"

"பிளாஸ்டிக்கை எப்படிடீ அவ மேல முக்கறது? முதல் நாள் சாயங்காலம் தாமிரச் செம்புல மொண்டேன். வில்வம் போட்டு ராத்திரி சுவாமி முன்னால வச்சேன். கார்த்தால அதைப் பாட்டில்ல விட்டேன். மரியாதையாத்தானே பண்ணினேன்?"

ஜயலக்ஷ்மிக்கு முதலில் கோபம் வந்தது. அது வாயை அடைவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. போனுக்குள் ஸமீஹாவும் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"மாமா, செம்புல ராத்திரி பூரா கெடந்தா கிருமி செத்துல்லா போவும்! நீங்க ஆத்தச் சோதிக்கல, உங்க செம்பச் சோதிச்சிருக்கீய."

"அப்போ செம்பு கிருமியைக் கொல்றது வாஸ்தவமா? உங்க சயின்ஸே ஒத்துக்கறதா?"

"ஒத்துக்கிடுது மாமா."

குருக்கள் முகம் சூடம் ஏற்றிய மாதிரி பிரகாசமாயிற்று. செம்பை எடுத்து வந்து போனுக்குக்கூட ஒரு தரம் காட்டினார். இந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் வாசலில் பைக் நின்றது. இசக்கிபாண்டியன்.

"சாமி, தண்ணி பளிங்காட்டம் இருக்காம்லா! அப்பம் சாக்கடையத் தொட வேண்டாம். செலவு மிச்சம்."

குருக்கள் கையிலிருந்த செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடந்ததைச் சொல்லாமல் இருந்துவிட்டால் போதும். ஆறும் பழுதில்லை, அபிஷேகமும் பழுதில்லை, யாரும் கேட்கப் போவதில்லை. ஜயலக்ஷ்மி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஏனோ அம்மா ஞாபகம் வந்தது. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் அம்மா இரண்டு நாள் முன்பிருந்தே பாகற்காயாகத் தின்பாள், எண் நன்றாக வரட்டும் என்று. "யாரை ஏமாத்தறே? உனக்குத்தானே வைத்தியம்?" என்று இவர்தான் சத்தம் போடுவார். சத்தம் போட்டுவிட்டு, ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொள்வதும் இவர்தான்.

"தலைவரே, அது ஆத்துத் தண்ணி இல்லை. எங்காத்துச் செம்புத் தண்ணி." நடந்ததைச் சொன்னார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாயிற்று.

இசக்கிபாண்டியன் பைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி சாமி, திருப்பி எடுங்க. கெட்டிருந்தா நான் சொன்னது சொன்னதுதான். அதுவரைக்கும் சாமிக்குத் தண்ணி?"

"சாக்கடைக்கு மேற்கால போய் மொண்டுண்டு வரேன். அரை மைல் கூட நடந்தா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"

மறுநாள் விடிந்ததும் குருக்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஜயலக்ஷ்மி கடைசிப் படியில், வீங்கின காலை நீட்டி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உத்தரவு போட்டாள்.

"மூடியைத் தண்ணிக்குள்ளதான் திறக்கணும். வாய் மேற்கே பாக்கணும். பூணூல் படப்படாது. வில்வம் ஏதும் ஒளிச்சு வச்சிருக்கேளா?"

"சோதனை போட்டுக்கோடீ!" இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். படியில் துணி துவைத்தவர்கள் சிரித்தார்கள்.

காலைச் சுற்றி அயிரை மீன்கள் கொத்தின. வெயில் அப்போதுதான் தண்ணீரில் இறங்கியது. குருக்கள் ஒரு கையால் ஆற்றை மெல்லத் தடவிக்கொடுத்தார். மறு கையால் பாட்டிலை உள்ளே அமிழ்த்தி மூடியைத் திருகினார்.

"கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்மா," என்றார். "ஒரே நிமிஷந்தான்."

களக் களக்கென்று குமிழிகள் மேலே வந்தன.