இல்லாத இடுப்பு வலி

முதலில் வலி உண்மையாகத்தான் இருந்தது. பெயின்ட் கடையில் பில் போடுகிறவள் அவள். வாளி தூக்குவது அவள் வேலையில்லை. அன்றைக்குக் கடையில் வேறு ஆள் இல்லை. வாங்க வந்தவர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி நின்றார். குனிந்து பெரிய வாளியைத் தூக்கியவள் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் வந்து பிசியோதெரபி எடுத்துக்கொள்ள வேண்டும், கனமான எதையும் தூக்கக் கூடாது.

வீட்டில் தூக்குவதற்கு நிறைய இருந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. "என் பையன் ஊரையே மேல ஏத்துவான், பெத்தவளை மட்டும் நடக்க விடுவான்" என்று படியேறும்போதெல்லாம் மாமியார் சொல்வாள். தண்ணீர் கேன், காய்கறிப் பை, மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வேண்டிய ஈரத்துணி வாளி எல்லாவற்றையும் அம்மாவும் மகனும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமை நண்பர்களோடு வாலிபால் ஆடப் போகிறவர், துணி உலர்த்துவதற்காக அதை விட்டார்.

சில வாரங்களில் வலி போய்விட்டது. "இனிமே நீங்க வரவேண்டாம்மா" என்றாள் பிசியோதெரபிப் பெண். அதைக் கேட்டு அவள் வெளியே வந்தாள். நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்தாள்.

பையில் கடையில் வீணாய்ப்போன பில் தாள்கள் இருந்தன, பின்பக்கம் வெள்ளையாக. மகள் பிறப்பதற்கு முன் அவளுடைய கதை ஒன்று மாதப் பத்திரிகையில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்தாள். பேனாவைத் திறந்ததும், "அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்று மகள் வருவாள். "சும்மாதானே உக்காந்திருக்கே, இந்த வெங்காயத்தை உரிச்சிடேன்" என்று மாமியார் முறத்தை நகர்த்துவாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் சும்மா இல்லை, எழுதுகிறேன் என்று அவள்தான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தால் கூச்சம் பிடுங்கித் தின்னும். பில் போடுகிறவளுக்கு என்ன பெரிய கதை என்று யாரும் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் எல்லோரும் யாருக்காகவோ காத்திருப்பவர்கள். நீ ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. தாளை எடுத்தாள். டீ ஆறி ஏடு படிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டாள்: "இடுப்பு எப்படிம்மா இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் இழுக்குது அத்தை."

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை யோசித்துத்தான் சொன்னாள். அதற்கடுத்ததும் அப்படித்தான்.

பொய் சும்மா இருக்காது, வேலை வாங்கும். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கீழே விழுந்த கிளிப்பை மறந்துபோய்ச் சட்டென்று குனிந்து எடுத்துவிட்டாள். மகள் பார்க்கவே, "அய்யோ" என்று தாமதமாக ஒரு சத்தம் கொடுத்தாள். இரவில் மாமியார் கேட்காமலே வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து அவள் முதுகுக்கு அடியில் வைத்தாள். வலிக்காத முதுகில் அந்தச் சூடு கனன்றது. அடுத்த வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். ஆனால் கதை வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் எழுதிக்கொண்டிருந்தது கதையில் வரும் மாமியாரின் வசவு. வாயாடி மாமியார், மருமகளை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறாள். வார்த்தைகள் தாமே வந்து விழுந்தன. அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

"நல்லவேளை, நீ இங்கயே இருக்கே!"

கணவர் நின்றுகொண்டிருந்தார். யூனிஃபார்ம் சட்டையில் கிரீஸ். அகப்பட்டுக்கொண்டோம் என்று அவள் பையைத் தாள்கள் மேல் இழுத்து வைத்தாள். தாள்களை அவர் பார்க்கக்கூட இல்லை.

"அம்மா படியில விழுந்துட்டாங்க. மேல கட்டுப் போடறாங்க. லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னு என்னைக் கூப்பிட்டுட்டாங்க. நான் வந்து துணி போடறேன், அப்படியே வைங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். கேட்டாதானே? வாளியைத் தூக்கிட்டு ஏறியிருக்காங்க." மூச்சு வாங்கினார். "உன் டிரீட்மென்ட் முடிஞ்சுதா? மெதுவா எழுந்திரு."

மெதுவா எழுந்திரு என்றார். அவள் மெதுவாகத்தான் எழுந்தாள்.

மாமியாரின் வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. கட்டிலில் சின்னதாகிப் படுத்திருந்தவள் மருமகளைப் பார்த்ததும், "துணியெல்லாம் படியில கொட்டிடுச்சும்மா" என்றாள். பிறகு, "அந்த ஸ்டூல்ல உக்காராதே, சாய்மானம் இல்ல, உன் இடுப்புக்கு ஆகாது. இப்படிக் கட்டில் ஓரமா வா" என்று வலியோடு தன் காலை நகர்த்தி இடம் விட்டாள்.

அவளால் உட்கார முடியவில்லை. நின்றபடியே அழுதாள். "அழாதே, நீ வேற உடம்பைக் கெடுத்துக்காதே" என்று கணவர் தோளைத் தொட்டார். கூனிக் குறுகிப் போனாள்.

வீட்டில் அவள் வாளியைத் தூக்கினாள், கேனைத் தூக்கினாள். "கீழ வை! கீழ வைம்மா!" என்று கட்டுப் போட்ட கையோடு மாமியார் கத்தினாள். அதைக் கேட்டு மனம் பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கணவர் ஒரு நாள் சாப்பிடும்போது, "கட்டைப் பிரிச்சதும் உன்னோட பிசியோதெரபிக்கே அம்மாவையும் கூட்டிட்டுப் போ. சனிக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா போய்ட்டு வந்துடலாம்" என்றார். இனி எப்படியும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது. மாட்டிக்கொள்ளும் பயத்தில்தான் வந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மாமியாருக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எனக்கு இடுப்பு வலி இல்ல."

"நல்லதாப் போச்சு. எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா."

மாமியார் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். கணவர் நிமிர்ந்தார். "அப்ப சனிக்கிழமை எங்க போனே?"

அவர் முகத்தில் என்னவோ ஓடியதைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்: "கேன்டீன்லதான். அங்க உக்காந்து... கதை எழுதினேன்."

"கதையா?"

அவருக்கு முதலில் மூச்சு வந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. "எழுதணும்னு சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்? என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கு நான் யாரு உனக்கு?"

அவள் அடுத்த ஸ்பூனை நீட்டினாள். மாமியார் வாயைத் திறக்கவில்லை. "போதும்" என்றாள்.

அன்றிலிருந்து மாமியார் இடது கையாலேயே சாப்பிட்டாள். பாதி வாய்க்குப் போகும், பாதி மடியில் விழும். ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிந்தியதைத் துடைப்பதற்கு மட்டும் மருமகளை விட்டாள். திட்டியிருந்தால்கூட மருமகள் தாங்கியிருப்பாள். மகள் எதிரே வந்தால் அவளே தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஒரு மத்தியானம் மாமியார் திடீரென்று கேட்டாள்: "அப்படி என்னத்தைத்தான் எழுதினே? கொண்டா. படி."

தாள்களை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்து படித்தாள். அந்த வசவு வந்த இடத்தில் சாதுவாக இரண்டு வாக்கியங்களை அங்கேயே கட்டி ஒப்பேற்றினாள்.

"கண்ணு ஒண்ணைப் படிக்குது, வாய் ஒண்ணைச் சொல்லுது. உள்ளபடி படி."

உள்ளபடி படித்தாள். அவ்வளவு ரசித்து எழுதிய வரிகள். சொந்தக் குரலில் கேட்க ஒவ்வொன்றும் அவள் மேலேயே வந்து விழுந்தது. முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"இது நான்தானே?"

"ஆமா அத்தை."

"நான் திட்டினா இவ்வளவு நீட்ட மாட்டேன். ரெண்டே வார்த்தைதான், ஆள் எழுந்திருக்க மாட்டா" என்றாள் மாமியார். மருமகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மாமியார் சிரிக்கவில்லை. "சரி, திட்டறா. திட்டிட்டுப் போறா. ஒரு இடத்துலகூடவா இவளுக்கு நல்ல புத்தி வரல?"

வெந்நீர்ப் பை கொண்டுவந்தவளிடமிருந்து திட்டுகிற வாயை மட்டும் பிய்த்தெடுத்துக் கதையில் ஒட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கதை பொய் என்றால் பரவாயில்லை. இது பாதி உண்மை; அது இடுப்பு வலியைவிட மோசமான பொய். அந்தத் தாள்களை அவள் கிழிக்கவில்லை. திரும்ப எழுதவும் கை வரவில்லை.

அன்று சாயங்காலம் மாமியார் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் ஊட்டினாள்.

கட்டுப் பிரித்தார்கள். கை பழையபடி முழுதாக வரவில்லை. ஒரு துணியை முறுக்கிப் பிழிய முடியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஓடிப்போய் வாங்கிப் பிழிவாள். கணவர் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, துணி வாளியோடு வாசலில் நின்றபடி, "உள் ரூம்ல உக்காந்து எழுது. கதவைச் சாத்திக்கோ. வாலிபாலுக்கு ஞாயித்துக்கிழமை போய்க்கறேன்" என்றார். கோபம் முழுதாகப் போன குரல் இல்லை அது.

அன்றைக்கும் அதற்கடுத்த வாரமும் அவளால் ஒரு வரி எழுத முடியவில்லை. கதவுக்கு வெளியே பாத்திரம் உருளும் சத்தத்துக்கெல்லாம் உடம்பு எழுந்துகொண்டது. திருடி எடுத்த நேரத்தில் ஓடிய பேனா, கொடுத்த நேரத்தில் நகர மறுத்தது.

இன்னொரு சனிக்கிழமை கீழ்வீட்டுக்காரி படியேறி வந்தாள். கதவுக்கு அப்பால் குரல்கள் கேட்டன.

"எங்க, மருமகளைக் காணோம்? படுத்திருக்காளா?"

"உள்ள எழுதிட்டிருக்கா" என்றாள் மாமியார்.

"எழுதறாளா? என்னத்தை?"

"கதை. அவளை இப்பக் கூப்பிட முடியாது. நீ அப்புறமா வா."

உள்ளே அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. கதவைத் திறந்து, அதெல்லாம் ஒன்றுமில்லை, சும்மாதான் இருக்கேன் என்று சொல்லிவிடலாமா என்று பாதி எழுந்தேவிட்டாள். படியில் இறங்கும் செருப்புச் சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்து, ஒரு வரி எழுதினாள். நன்றாக இல்லை. அடித்துவிட்டு, இன்னொன்று எழுதினாள்.