பஞ்சு இல்லாத எஸ்டிமேட்

...அதெப்படி, இத்தனை வருஷம் இந்த வேலையில் ஊறிய பெல்ட் இன்ஜினியர், பஞ்சே வைக்காமல் எஸ்டிமேட் போடுவார், அதுதான் அவள் மண்டையைக் குடைந்தது, விமான நிலையத்தின் இரண்டாவது டெர்மினலுக்குச் செலவுத் திட்டம் போடுகிறவள், எத்தனை எஸ்டிமேட் பார்த்தவள், மீட்டிங்கிற்கு இன்னும் ஒரு டீ குடிக்கும் நேரம்தான், டீயும் ஆறிக்கொண்டிருந்தது. பஞ்சு என்று அவர்கள் ஆபீஸில் சொல்வது, தேவைக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேட்பதை. அவள் எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கை வெட்டுவாள், அது வழக்கம், வெட்டுவாள் என்று தெரிந்தே எல்லோரும் கூட்டிக் கேட்பார்கள், அதுவும் வழக்கம், இதில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள்... யாருமில்லை, எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்க்குச் சோறு போட்டு வளர்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பயணிகளின் பெட்டிகள் வரும் பெல்ட்டுக்கான இந்த எஸ்டிமேட்டை, தவறுதலாக வரைபடமும் கூடவே வந்துவிட்டதால் சும்மா ஒப்பிட்டுப் பார்த்தாள், மோட்டாருக்கு மோட்டார், உருளைக்கு உருளை, ஒரு திருகாணி கூட அதிகமில்லை. இதில் கை வைத்தால் திறப்பு விழாவன்றே பெல்ட் நிற்கும், பிள்ளைகுட்டிகளோடு ஜனம் நின்று கத்தும். கை வைக்காவிட்டால்... அவருக்கு மட்டும் என்ன சலுகை என்று மற்றவர்கள் கொடி பிடிப்பார்கள், மொத்தச் செலவு எல்லை தாண்டும், இயக்குநர் அவள் தலையைத்தான் உருட்டுவார்.

ஏன் இப்படிச் செய்தார், கோபமா, வேலையை விட்டுப் போகிறாரா, அல்லது மறந்துவிட்டாரா, பஞ்சு வைக்க யாராவது மறப்பார்களா... வீட்டில் அவளே வைக்கிறாளே, கல்யாண வீட்டுக்குப் பத்து மணிக்குப் போனால் போதும் என்றால் கணவரிடம் ஒன்பது என்பாள், அவர் அதைக் கண்டுபிடித்து ஒன்பதைப் பத்தரையாக எடுத்துக்கொள்வார், இப்போது எட்டு என்கிறாள், ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம், ஆனாலும் குடும்பம் ஓடுகிறது. அப்படியென்றால் உண்மை நேரத்தைச் சொல்கிறவனை என்ன செய்வது? கேட்டுவிட்டால் என்ன, கேட்டால் குறைந்தா போய்விடுவாள், போனை எடுத்துவிட்டாள்.

"சார், இந்தத் தடவை நீங்க பஞ்சே வைக்கலையா?"

"எந்தத் தடவை மேடம் வச்சேன்?" பெல்ட் இன்ஜினியர் சிரித்தார், பின்னால் லிப்ட் வந்து நிற்கும் சத்தம். "எனக்கு அந்தக் கணக்கு வராது."

"அப்போ முதல் டெர்மினல்ல நான் வெட்டினேனே..."

"அதுவா, ஏதோ சமாளிச்சோம். மீட்டிங்குக்குத்தான் மேல வந்துட்டு இருக்கேன், வாங்க."

சமாளிச்சோம்... எதை வைத்து, எதை விட்டு? மாற்று மோட்டார் வாங்காமலா, ஆளைக் குறைத்தா, பெல்ட் இடையிடையே நிற்கிறது என்று வருகிற புகார்களெல்லாம் அதனால்தானா? தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு வந்தது, எத்தனை தரம் அதே பெல்ட்டின் முன்னால் பெட்டிக்காக நின்று, என்னத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்று திட்டியிருக்கிறாள்.

மீட்டிங் அறையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். "வழக்கம்போல எல்லாத்துலயும் பத்துல ஒண்ணு, முடிச்சிடலாமா?" என்றார் இயக்குநர், பேனா மூடியைத் திறந்துகொண்டே. பெல்ட் இன்ஜினியர் தலையாட்டினார், மழைக்குக் குடை எடுக்கிறவர் போல, ஒரு வருத்தமும் இல்லாமல். "பெல்ட்டுல வேண்டாம் சார், அதுல பஞ்சு கிடையாது, நான் பார்த்துட்டேன்" என்று அவள் சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார், கோபமாக இல்லை, விவரம் கேட்கிறவர் போல. "சரி, மத்ததுல இருக்கா?" இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள், மேஜையைச் சுற்றி எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணாடி வேலைக்காரர், கூரைக்காரர், மின்சாரப் பிரிவுப் பெண், இவர்களில் யார் பஞ்சு வைத்தவர், யார் பெல்ட்காரரைப் போல ஏதோ சமாளித்தவர்? மற்ற எந்த எஸ்டிமேட்டையும் அவள் இதுவரை வரைபடத்தோடு வைத்துப் பார்த்ததே இல்லை.