காரின் கூரை மேல் பழி

சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் ஜனவரிதான் கடுங்கோடை; அப்போது பசை வேலை செய்கிறவர்கள் வெயிலை முந்திக்கொள்ள வேண்டும். எட்டு மணி தாண்டிவிட்டால், தகரக் கொட்டகைக்குள் பசை டின்னை விட்டு வெளியே வரும்போதே காய்ந்துவிடும். அதனால் லெஸ் ஹாக்கிங்கும் அவர் மனைவி யூனாவும் ஐந்தரைக்கே கொட்டகைக்கு வந்துவிட்டார்கள்.

காரின் உள்கூரைத் துணி தொங்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் பின்சீட்டுக்கு மேல் தொப்பை போட்டது. லெஸ் யூனாவின் தையல் பெட்டியிலிருந்து குண்டூசிகளை எடுத்துக் குத்தினார். தொப்பை முன்னால் நகர்ந்தது. இன்னும் ஊசி. போன கோடையில் அது டிரைவரின் நெற்றி வரைக்கும் இறங்கி, ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஒரு ஊசி மடியில் விழுந்தது. சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் தலைக்கு மேல் பாறையை வைத்துக்கொண்டு பிழைத்த மனிதருக்குத் துணியெல்லாம் ஒரு பொருட்டில்லை.

அதைப் பொருட்டாக்கியது அரசாங்கம். எண்பத்தைந்து வயதானால், ஓர் அதிகாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினால்தான் லைசன்ஸ் நீடிக்கும். இரண்டு வாரத்துக்கு முன் லெஸ் போனார். அதிகாரியம்மா கதவைத் திறந்தாள், ஊசிகளைப் பார்த்தாள், ஏறவில்லை.

"பின்னாடி வர்ற வண்டி கண்ணாடியில எப்படித் தெரியும்? கூரையச் சரி பண்ணிட்டு வாங்க. அடுத்த வியாழக்கிழமைக்கு அடுத்தது."

லெஸ் சந்தோஷமாக வீடு திரும்பினார். இரண்டு வருடமாக அவர் சொல்லிவந்ததற்கு அரசாங்கமே முத்திரை குத்திவிட்டதே. அவரைக் கேட்டால், தபால் நிலையத்துக்கு வெளியே கார் கம்பத்தில் உரசியது தொங்கும் கூரையால். ஆர்ஜென்ட் தெருவில் சிவப்பு விளக்கைத் தாண்டியதும் கூரையால். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

யூனாவுக்கு உண்மை தெரியும், ஏனென்றால் அந்தக் காரைப் பாதி ஓட்டுவதே அவள்தான். அவளுக்கு லைசன்ஸ் கிடையாது, எந்நாளும் எடுத்ததில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, "இடது பக்கம் யாருமில்ல", "சிவப்பு", "லாரி வருது, இரு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். அவர் கேட்டதில்லை. ஏன் சொல்கிறேன் என்று அவளும் சொன்னதில்லை. டாக்டர் சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை எழுத்துகளைக்கூட, தன் முழங்கால் வலிக்குப் போன நாளில் மனப்பாடம் செய்துவந்து, அவர் பரிசோதனையில் தேறும்படி சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வெளியே தெரிந்தால் வெட்கக்கேடு.

காரணம் இருந்தது. மெனிண்டியில் அவள் தங்கை ஆவ்ரில் பக்கவாதத்தில் கிடக்கிறாள். நூற்றுப் பத்து கிலோமீட்டர், தோதாக ஒரு பஸ் கிடையாது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு இருவரும் போய், ஆவ்ரிலுக்கு நகம் வெட்டி, ஊட்டிவிட்டு வருவார்கள். லெஸ்ஸின் லைசன்ஸ் போனால் அதுவும் போயிற்று.

துணி ஒட்டியிருந்த கூரை அட்டையை முந்தின நாளே கழற்றி, ஆளுக்கொரு முனை பிடித்துப் பின்கதவு வழியாக இறக்கியிருந்தார்கள். துணிக்கு அடியில் இருந்த பழைய பஞ்சு மஞ்சள் மாவாக உதிர்ந்தது. அதைச் சுரண்டித் தேய்த்து எடுக்கவே ஒரு பொழுது ஆயிற்று. இப்போது அட்டை இரண்டு மரத்தாங்கிகள் மேல் கிடந்தது. மேலே சாம்பல் நிறப் புதுத் துணி.

"பின்பாதி முதல்ல" என்றார் லெஸ். "துணியப் பாதியா மடிச்சுப் போடு. அட்டையிலயும் அடிக்கணும், துணி முதுகுலயும் அடிக்கணும். ஒட்டினா ஒட்டினதுதான். பிரிக்க முடியாது."

"கல்யாணம் மாதிரி."

"கல்யாணத்துல டின் மேல எச்சரிக்கை போட்டிருக்க மாட்டான்."

அவர் பசையைப் பீய்ச்சினார். ஈரப் பசை பளபளத்தது. படாத இடம் மங்கலாகக் கிடந்தது. "இன்னும் கொஞ்சம் இடது" என்றாள் யூனா. "ஓரம் விட்டுப்போச்சு. ஆமா, அங்கதான்." மூன்று நிமிடம் காத்திருந்து துணியை இறக்கி, நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவினார்கள். ஒரு சுருக்கம் இல்லை.

லெஸ் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா? அப்படியே கடையில பண்ண மாதிரி. வியாழக்கிழமை அந்த அம்மா உக்காந்து குறை கண்டுபிடிக்கட்டும். இந்தத் துணி மட்டும் மேல போயிடுச்சுன்னா எனக்கு எல்லாம் தெரியும், யூனா."

பொய் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார். அதுதான் யூனாவைப் பயமுறுத்தியது. போன வாரம் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு தெருவைத் தாண்டினாள். யூனாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. இருமலுக்கு நடுவே "நில்லு" என்று கத்தியபோது, தள்ளுவண்டியின் சக்கரத்துக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் தூக்கத்தில் வருகிறது. வியாழக்கிழமை தெரு காலியாக இருந்தால் லெஸ் தப்பிவிடலாம். அதற்கப்புறம் எல்லாம் யூனாவின் இருமலைப் பொறுத்தது.

இந்த ஊரில் காசைச் சுண்டிப் பந்தயம் கட்டுவது பழக்கம். யூனா சுண்டாமலே மனதுக்குள் கட்டினாள்: முன்பாதிக்கு நான் வாயைத் திறக்கப்போவதில்லை. தானாகச் சரியாக அடித்துவிட்டால் போய் ஓட்டட்டும்.

லெஸ் அடித்தார். வரிசை கோணியது. ஓர் இடத்தில் பசை இரண்டு முறை விழுந்தது, ஓர் இடத்தில் விழவே இல்லை.

"சரியா?" என்றார்.

யூனா மடித்த துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"யூனா, எல்லா இடமும் ஆச்சா?"

"நீயே பாரேன்."

அவர் குனிந்தார். மூக்கு அட்டையைத் தொடப் போனது. டிரைவர் தலைக்கு மேல் வரும் இடத்தில், அவர் முகத்துக்கு நேராக, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அட்டை வறண்டு கிடந்தது.

"ஆச்சு" என்றார்.

பசை பதத்துக்கு வர இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அதற்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யூனா ஆவ்ரிலின் கையை நினைத்தாள், தள்ளுவண்டியை நினைத்தாள். மூன்று நிமிடமும் போயிற்று.

லெஸ் துணியை இறக்கித் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. அழுத்தினார். துணி படிந்து, கை எடுத்ததும் எழும்பியது. மறுபடியும் அழுத்தினார். கண்ணை ஏமாற்றலாம், பாறை தட்டிப் பார்த்தே ஆயுளைக் கழித்த கையை ஏமாற்ற முடியாது.

"இங்க பசை இல்ல."

"இல்ல."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லக் கூடாதா, பாவி."

"வியாழக்கிழமை நான் உள்ள இருக்க மாட்டேனே, லெஸ்."

அவர் அந்த இடத்தின் ஓரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். சுற்றி முடிக்க நேரமாயிற்று.

"இவ்வளவு பெருசா?"

"இவ்வளவு பெருசு."

"அப்ப ஆவ்ரில்?"

"தெரியல. யாரையாவது கேக்கணும்" என்றாள் யூனா. அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. பசைக் கையால் துடைக்கவும் முடியவில்லை. லெஸ் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்.

அதற்குமேல் வேலை ஓடவில்லை. எட்டரைக்கு லைசன்ஸ் அலுவலகம் திறந்ததும் லெஸ் சமையலறையிலிருந்து போன் செய்தார். காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு அவரை ஞாபகம் இருந்தது.

"ஊசிக் கூரைக்காரர்தானே? என்ன, இன்னும் ரெடியாகலையா? பரவாயில்ல சார், ரெண்டு வாரம் தள்ளிப் போடறேன். அதுவரைக்கும் லைசன்ஸ் இருக்கு, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."

இரண்டு வாரம் என்றால் மெனிண்டிக்கு ஒரு ஞாயிறு. யூனா அதைக் கணக்குப் போட்டாள். போட்டதற்காக வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார் லெஸ். "தள்ளிப் போட வேண்டாம், லைசன்ஸையே ரத்து பண்ணிடு. கூரைல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல."