குட்செட்டில் இரண்டு விஜயதசமி

அறுபது பேருக்குப் பாய் விரித்திருந்தது. ஒன்பது மணிக்கு வந்து இருந்தவர்கள் பதினொரு பிள்ளைகள். சுவர்ணா மறுபடியும் எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் ஒரு சின்னவள் தாயைத் தேடி வெளியே ஓட, பத்தாகிவிட்டது.

"ஒன்பது மணியெண்டுதானே சொன்னியள், தங்கச்சி?" என்று கேட்டார் செபநாயகம். கொழும்பிலிருந்து வந்திருந்த ரயில்வே காணி அதிகாரி. மன்னாரில் பிறந்த மனிதர். ஒன்றரை மணி ரயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று வந்த உடனேயே சொல்லிவிட்டிருந்தார்.

"இப்ப வந்திடுவினம் சேர். எங்கடை ஆக்கள் ஆறுதலாத்தான் வெளிக்கிடுவினம்."

ஒருகாலத்தில் ஊரின் வெங்காயமும் புகையிலையும் கொழும்புக்கு ஏறிய ரயில்வே சரக்குக் கொட்டகை, குட்செட், அது. போர் முடிந்து தண்டவாளம் மறுபடி போடப்பட்டபோது ரயில் திரும்பி வந்தது. சாமான்கள் லொறியில் போய்ப் பழகிவிட்டதால், குட்செட்டுக்கு வௌவால்கள்தான் மிஞ்சின. அதைப் பிள்ளைகளும் பெரியவர்களும் வந்து படிக்கும் இடமாக்கித் தாருங்கள் என்று, ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கும் சுவர்ணா ஏழு கடிதங்கள் எழுதினாள். பதில் இல்லை. எட்டாவதற்கு வந்த பதிலில் ஒரு நிபந்தனை இருந்தது. திறப்பு நாளில் அதிகாரி வருவார். ஊர் முழுவதும் அந்த இடத்தைப் பாவிக்கும் என்று அவருக்குப் பட்டால் ஐந்து வருடத்துக்குத் தருவார்கள். இல்லையென்றால் அடுத்ததாகக் கேட்டிருக்கும் சீமெந்து வியாபாரிக்குக் களஞ்சியமாகப் போய்விடும்.

இரண்டு மாதமாக ஊரே வந்து வேலை செய்தது. தண்டவாளத்துக்குக் கிழக்குப் பக்கத்தார் கூரைக்குத் தகரச் சீற் போட்டார்கள். மேற்குப் பக்கத்துப் பெண்கள் வௌவால் எச்சத்தைச் சுரண்டிக் கழுவி, மூக்கைக் கட்டிக்கொண்டே சுவருக்கு மஞ்சள் பூசினார்கள். இரும்பு ஒட்டுவேலைக் கடை வைத்திருக்கும் அருட்செல்வன் துருப்பிடித்த இரும்புக் கதவுகளை வெட்டி ஒட்டிப் புத்தகத் தட்டுகள் செய்தான். அவனுக்கும் சுவர்ணாவுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. தையில் தாலி.

இவ்வளவு செய்த ஊர் இன்றைக்கு எங்கே போயிற்று?

"அருள், ஒருக்கா வாங்கோ." சுவர்ணா அவனைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள். "வந்த பிள்ளையளைப் பாருங்கோ. எல்லாம் கிழக்குப் பக்கம். உங்கடை பக்கத்திலை ஒரு குஞ்சுகுருமானும் இல்லை. மாமியும் வரேல்லை. என்னிலை ஏதும் கோபமோ?"

"அம்மாக்கோ? கோபமெண்டால் அவ வந்து சொல்லிப்போட்டெல்லோ போவா." அவன் தலையைச் சொறிந்தான். "மூண்டு நாளா நான் இஞ்சைதானே கிடக்கிறன். வீட்டிலை என்ன நடக்குதெண்டு எனக்கென்ன தெரியும்? ஏறும், போய்க் கேப்பம்."

கலியாணத்துக்கு முதல் அவனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறுவதில்லை என்று சொல்லியிருந்தவள், பட்டுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ரயில்வே கேற்றைத் தாண்டும்போது மேற்குப் பக்கத்துக் கடைவாசலில் நின்ற நாலு பேரும் வாயைத் திறந்து பார்த்தார்கள்.

அருளின் தாய் மகாதேவி வீட்டு முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாதர் சங்கச் செயலாளர், வாட்சப்பில் குரல் கொடுத்தால் மேற்குப் பக்கம் முழுக்க எழும்பி நிற்கும்.

"என்ன பிள்ளை, இந்தக் கோலத்திலை? நாளைக்குத்தானே திறப்பு?"

"நாளைக்கோ? மாமி, இண்டைக்கு விஜயதசமி!"

"ஆர் சொன்னது? இண்டைக்கு நவமி. பின்னேரம் சரஸ்வதி பூசைக்கு நான் அவல் ஊறப் போட்டிருக்கிறன்."

சுவர்ணாவின் கையிலிருந்த சேலைத்தலைப்பு நழுவியது. நோட்டீசில் தன் கையாலேயே எழுதியது நினைவுக்கு வந்தது: 'திறப்பும் ஏடு தொடக்கலும்: விஜயதசமி காலை ஒன்பது மணி.' திகதி போடவில்லை. விஜயதசமி எப்போதென்று உலகத்துக்கே தெரியும்தானே? கிழக்குப் பக்கம் பிள்ளையார் கோயில், அங்கே வாக்கிய பஞ்சாங்கம். மேற்குப் பக்கம் அம்மன் கோயில், இங்கே திருக்கணிதம். சில வருடங்களில் இரண்டும் ஒரு நாள் விலகி நிற்கும். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். ஆனால் நோட்டீஸ் எழுதும்போது அவள் தன் வீட்டுச் சுவர்க் கலண்டரைத்தான் பார்த்தாள்.

"உவன் அருளும் பஞ்சாங்கம் பாக்கேல்லையே?"

"எனக்குத் தெரிஞ்ச பஞ்சாங்கம் கறண்ட் நிப்பாட்டுற நேரம் மட்டுந்தான் அம்மா."

"மாமி, அதிகாரி ஒண்டரைக்குப் போயிடுவார். எல்லாரையும் இப்ப வரச் சொல்லுங்கோ. தயவுசெய்து."

மகாதேவியின் முகம் இளகியது. தலை மட்டும் அசையவில்லை. "நவமியிலை ஆர் பிள்ளை ஏடு தொடக்குவினம்? புத்தகங்களைப் பூசைக்கு வைச்சால் நாளைக் காலமைதான் தொடலாம். நான் சொன்னாலும் ஒரு தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள். நானெண்டாலும் அனுப்பமாட்டன்."

உள்ளே சாமியறையில் சிவப்புத் துணி விரித்து அதன்மேல் புத்தகங்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தேவாரப் புத்தகம், சமையல் குறிப்புக் கொப்பி, அருட்செல்வனின் பழைய விஞ்ஞானப் புத்தகம். சுவர்ணா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, இண்டைக்குப் புத்தகம் தொடக்கூடாது. ஆனால் வைக்கலாம்தானே?"

"வைக்கத்தானே வேணும்."

"அதைக் குட்செட்டிலை வைச்சால் என்ன? எல்லா வீட்டுப் புத்தகமும்?"

மகாதேவி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "சகோதரியளே, கவனமாக் கேளுங்கோ. பூசை குட்செட்டிலை. பின்னேரம் இல்லை, இப்ப. வீட்டிலை கிடக்கிற புத்தகம் எல்லாத்தோடையும் வெளிக்கிடுங்கோ. அவல் இருந்தால் அதையும் கொண்டுவாங்கோ."

பதினொரு மணிபோல கேற் மூடியிருந்தது. ரயில் கடக்கும்வரை மேற்குப் பக்கம் முழுவதும் தலையிலும் இடுப்பிலும் சைக்கிள் கூடையிலும் புத்தகங்களோடு நின்றதைக் குட்செட் வாசலிலிருந்து செபநாயகம் பார்த்தார். கேற் திறந்ததும் அவர் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. கடந்தகால வினாத்தாள்கள், அகராதி, ட்ரக்டர் திருத்தும் புத்தகம், தாதியர் பயிற்சிக் குறிப்புகள், ஒரு திருக்கணித பஞ்சாங்கம். எல்லாம் சிவப்புத் துணிமேல் ஏறி, நெஞ்சளவு உயர்ந்தன. ஒரு பக்கத்தில் கிழக்குப் பிள்ளைகள் அரிசியில் அகரம் எழுத, மறுபக்கத்தில் மேற்குப் பிள்ளைகள் புத்தகக் குவியலுக்குப் பூப் போட்டார்கள்.

செபநாயகத்துக்கு ஆர்வம் தாங்கவில்லை. குவியலின் ஓரத்திலிருந்த ஒரு புத்தகத்தை இழுத்தார்.

"தம்பி! அதைத் தொடாதேங்கோ!" மகாதேவியின் சத்தத்தில் அவர் கை தானாகப் பின்வாங்கியது.

"அம்மா, படிக்கிற இடமெண்டு சொல்லிப்போட்டுப் புத்தகத்தைத் தொடவிடாட்டி நான் அறிக்கையிலை என்னத்தை எழுதுறது?"

மகாதேவி அவர் கையில் அவல் தட்டை வைத்தாள்.

"அவசரப்பட்டு ஒண்டும் எழுதாதேங்கோ. இவ்வளவு புத்தகத்தையும் நாளைக்கு ஆக்கள் வந்துதானே எடுக்கவேணும்? நிண்டு பாத்திட்டு எழுதுங்கோ. எங்கடை வீட்டிலை அறை கிடக்கு. நவராத்திரியெண்டபடியால் மீன் இல்லை, அது மட்டும் பொறுக்கவேணும்."

ஒன்றரை மணி ரயில் அவரில்லாமல் போனது.

மறுநாள் எட்டரைக்கே பாய் போதவில்லை. மேற்குப் பிள்ளைகள் முப்பத்தாறு பேர் அம்மன் கோயில் ஐயர் மடியில் மாறி மாறி இருந்து அகரம் எழுதினார்கள். கிழக்குப் பக்கத்தார், நேற்றுப் பார்த்த குவியலில் என்னென்ன இருந்தது என்று அறிய மறுபடியும் வந்துவிட்டார்கள். எடுக்க வந்த புத்தகங்களில் பாதி வீட்டுக்குத் திரும்பவில்லை. "நீங்கள் பாத்திட்டுத் தாங்கோ", "உது என்ரை மகளுக்கு உதவும்" என்று கைமாறி அருட்செல்வனின் தட்டுகளில் ஏறின. ட்ரக்டர் புத்தகத்துக்கு இரண்டு பேர் இழுபறிப்பட்டார்கள். செபநாயகம் தூணோடு சாய்ந்து, நேற்று இழுத்த அதே புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு அவர் தன் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். ஐந்து வருட அனுமதி. சுவர்ணா இரண்டு தடவை வாசித்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அருட்செல்வன் யாரும் பார்க்காதபோது அவள் விரலைத் தொட்டுவிட்டுப் போனான்.

"கிழக்குக்கு ஒராள், மேற்குக்கு ஒராள் சாட்சிக் கையெழுத்து வைக்கவேணும்," என்றார் செபநாயகம்.

கிழக்குக்குச் சுவர்ணாவின் அப்பா சீவரத்தினம் கையெழுத்திட்டார். மேற்குக்கு மகாதேவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெயரை எழுதி முடித்துவிட்டுப் பேனையோடு நிமிர்ந்தாள்.

"திறந்த நாள் எண்டு கிடக்குது. என்ன நாள் போடுறது?"

சீவரத்தினம் தொண்டையைச் செருமினார். "திறந்தது நேற்றெல்லோ, சம்பந்தி..."

"ஒருத்தரும் ஒண்டும் கதைக்காதேங்கோ!" செபநாயகம் பாய்ந்து பேனையைப் பறித்தார். "அதை நான் போடுறன்."