இரண்டாவது சாய்கோடு

மருத்துவமனையில் நர்ஸ்களை வார்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிரலைப் பெரியவள் எழுதிப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அது எழுதப்பட்ட கணினி மொழியின் பழைய பதிப்பு வழக்கொழியவே, நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பணி அவளுக்கும் அவள் தம்பி மனைவியான சின்னவளுக்கும் பாதிப் பாதியாக வந்தது. சின்னவளுக்கு அந்த அலுவலகத்தில் வேலை வாங்கித் தந்தவளே பெரியவள்தான். இருவரில் செவ்வனே முடிப்பவருக்குக் குழுத் தலைமை என்று மேலாளர் அறிவித்திருந்தார்.

அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி இடுவது போன்ற மாற்றங்களை அதற்கென்றே உள்ள கருவி செய்துவிடும். வகுத்தல் மட்டும் அதன் கண்ணுக்குத் தப்பும். ஏழு நர்ஸ்களை இரண்டு வார்டுகளுக்கு வகுக்க ஒரு சாய்கோடு இட்டால், பழைய பதிப்பு மூன்று என்னும். புதியது மூன்றரை என்னும். பின்னம் வேண்டாமெனில் இன்னொரு சாய்கோடு சேர்க்க வேண்டும். இதைச் சின்னவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் பெரியவளே.

பெரியவள் காய்ச்சலில் படுத்தபோது சின்னவள் போன் செய்தாள்.

"அண்ணி, நீங்க படுங்க. உங்க பாதியிலயும் அந்த ரெண்டாவது கோட்டை நானே போட்டுடுறேன்."

"ஓட்டியும் பாத்துடுவியா?"

"என்னை நம்ப மாட்டீங்களா?"

நம்பினாள். காய்ச்சல் விட்டதும் நேரே ஒப்படைப்புக் கூட்டத்துக்கு வந்து அமர்ந்தாள்.

சின்னவளின் பாதி பிசகின்றி ஓடியது. பெரியவளின் பாதியோ வார்டுக்கு மூன்றரை நர்ஸ் என்றது.

"அரை நர்ஸ்னா மேல்பாதியா, கீழ்பாதியா?" என்றார் கூட்டத்திலிருந்த கணக்கர். அறையே சிரித்தது.

"பாவம், அண்ணி பழைய ஆளு. புதுசு இன்னும் கைக்கு வரல," என்றாள் சின்னவள், அனுதாபம் சொட்ட.

பெரியவள் திரையை நோக்கினாள். சின்னவளின் வரிகளிலெல்லாம் இரட்டைக் கோடு, தன்னுடையவற்றில் ஒற்றை. மறதிக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

வாய் திறந்தால் குடும்பச் சண்டையைச் சபைக்கு இழுத்தவள் ஆவாள். விசைப்பலகையை வாங்கித் திருத்தினாள். நிரல் ஓடியது. தலைமை சின்னவளுக்கே போயிற்று.

மாலையில் வாசலில் தம்பியின் கார் காத்திருந்தது. சின்னவள் படியிலேயே வழிமறித்தாள்.

"அண்ணி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"எதை?"

சின்னவள் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்மா. உன்னை நம்புறதுக்கு வீட்டுல ஒருத்தனாவது மிஞ்சட்டும்."

"வா அக்கா, இவ தலைவி ஆனதுக்கு இன்னைக்கு விருந்து!" என்று கார்க் கதவைத் திறந்துவிட்டான் தம்பி.

பெரியவள் அவனுக்கு மட்டும் கையசைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.