உன்னீஸ்-பீஸ்

தீவு நகரத்தின் பத்துபஸ்தி பகுதியில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டருக்குள் பஸ்களைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் உமா மகேஸ்வரியின் உத்தியோகம். பஸ் கவிழும்போது அதன் பக்கவாட்டுத் தூண்கள் வளைந்து ஆள் உட்காரும் இடத்துக்குள் வந்துவிடக் கூடாது. இந்த முறை வந்தது அதே ஊரில் ஹேடோ பகுதிப் பட்டறையில் கட்டப்போகும் பள்ளிப் பேருந்து. ஜன்னலோரத்துக்கு அடம்பிடிக்கும் அவள் மகள் ரூபாவும் அதில்தான் போகப்போகிறாள்.

சென்னை ஆபீஸில் இருந்த மேலாளர் ஸ்ரீநிவாஸ், தூணுக்கான குழாயின் தடிமனை 1.9 முதல் 2.0 மில்லிமீட்டர் வரை மாற்றி மாற்றி இருநூறு முறை ஓட்டச் சொன்னார். இருநூறும் பாஸ். அவள் கையெழுத்துதான் பாக்கி. ஆனால் இரும்புக் குழாய் இந்த ஊரில் அத்தனை யோக்கியமாக இருக்குமா என்று உமாவுக்கு நெருடியது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஸ்ரீநிவாஸிடம் கேட்டாள்.

"பட்டறை ஜெகநாதனே போன்ல சொன்னாரும்மா. ரெண்டு எம்.எம்., உன்னீஸ்-பீஸ் இருக்கும்னாரு. எனக்கும் இந்தியில எண்ணத் தெரியும். பத்தொம்போது, இருபது. அதான் ஒண்ணு புள்ளி ஒம்போதுலேர்ந்து ரெண்டு வரைக்கும்."

உமாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தீவில் மீன்காரரிலிருந்து கப்பல் டிக்கெட் கொடுப்பவர் வரை யார் உன்னீஸ்-பீஸ் என்றாலும், ஏதோ முன்னே பின்னே இருக்கும் என்றுதான் பொருள். எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே என்பது சொல்பவருக்கே தெரியாது. அந்தத் தெரியாததைப் போய் இந்த மனுஷர் தசம சுத்தமாக எண்ணாக்கி வைத்திருக்கிறார்!

அன்றே ஹேடோவுக்குப் போய் அறுபது குழாய்களை அளந்தாள். ஒவ்வொரு கப்பலில் வந்த சரக்கும் ஒவ்வொரு விதம், 1.6 முதல் 2.1 வரை இருந்தது. ஜெகநாதன் தலையைச் சொறிந்தார்.

"நான் அந்தாஜா, குத்துமதிப்பாதான் சொன்னேன் மேடம்."

புது அளவுகளோடு மறுபடி இருநூறு முறை கவிழ்த்தாள். பதினோரு முறை தூண் உள்ளே வந்தது, அதுவும் நேராக ஜன்னலோர இருக்கைக்கு. அந்தப் பதினொன்றையும் பார்த்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். தேதி தள்ளிப்போகும் என்று ஸ்ரீநிவாஸ் முணுமுணுத்தார். போகட்டும் என்றாள். தூணின் அடியில் ஒரு முட்டுத்தகடு சேர்த்து ஓட்டியதும் இருநூறும் தேறின. நிஜ பஸ்ஸையே கவிழ்த்துப் பார்க்கும் சோதனையில் இருக்கைக்கும் தூணுக்கும் நடுவே 42 முதல் 71 மில்லிமீட்டர் வரை இடம் மிஞ்சும் என்று அறிக்கையில் எழுதினாள். ஒரே எண்ணாகச் சொல்லும்படி ஸ்ரீநிவாஸ் கேட்டதற்கு, அது பொய்யாகிவிடும் என்று மறுத்தாள். சோதனைக்கான பஸ்ஸை இருப்பதிலேயே மெல்லிய குழாய்களில் கட்டச் சொல்லி மெயின்லேண்டுக்குக் கப்பலேற்றியதும் அவள்தான்.

அங்கே அதைக் கவிழ்த்துப் பார்த்த அன்று போன் வந்தது.

"நாப்பத்தாறும்மா," என்றார் ஸ்ரீநிவாஸ். "நீ சொன்னதுக்குள்ளயே நிக்குது. இனிமே எந்தப் பட்டறையானாலும் அளந்த பிறகுதான் ஓட்டறோம்."

உமா துள்ளிக் குதித்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தாமலே நின்றபடி கையெழுத்துப் போட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரூபா ஆரம்பித்தாள், புது பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று.

"தாராளமா உக்காரு," என்றாள் உமா.