முன்னால் ஓடியவள்

என் மனைவி மர்லிஸ் தினமும் காலையில் எங்கள் மேய்ச்சல் நிலத்தின் வேலியோரமாக ஆறு மைல் ஓடுவாள். உள்ளே மாடுகளும் அவளோடு சேர்ந்து ஓடும். கன்றிலிருந்தே அப்படிப் பழகியவை. மாரத்தான்களில் அவள் “மாட்டுக்கறி தந்த பலம்” என்று எழுதிய சட்டைதான் போடுவாள். ஓடி முடித்ததும் அங்கேயே கடை போட்டு, கொழுப்பில்லாத கறியை எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுப்பாள்.

அக்டோபரில் மாடுகளைக் கசாப்புக்கு ஏற்றிப்போக லாரி வந்தது. ஒன்றுகூடச் சரிவுப் பலகையில் கால் வைக்கவில்லை. டிரைவர் வெர்ல், ஷாக் அடிக்கும் கோலை எடுத்தான்.

“அத உள்ள வை,” என்றாள் மர்லிஸ்.

“அப்ப நீயே கூப்பிடு. உன் சொந்தக்காரங்கதானே!”

“வாய மூடுடா!” என்று நான் கத்தினேன்.

அவள் வீட்டுக்குள் போனாள். ஓடும்போது போடும் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து, மாடுகளுக்கு முன்னால் மெதுவாக ஓடத் தொடங்கினாள். நாற்பதும் அவள் பின்னாலேயே போயின. பலகையேறி லாரிக்குள் ஓடியவள், முன்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக இறங்கினாள்.

“ஒண்ணு மேலயும் அடி விழல,” என்றாள்.

வெர்ல் தொப்பியைக் கழற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை மாரத்தான். அதே சட்டை. முதல் வரிசையில்தான் கிளம்பினாள். பின்னால் நூற்றுக்கணக்கான காலடிகள். ஒரு மைல்கூட ஆகியிருக்காது, சாலையோரம் ஒதுங்கி நின்றுவிட்டாள். கடைசி ஆளும் தன்னைத் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி ஓடினாள்.